முப்பது நாள் சவால்: தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியவையும் முடிந்தபின் செய்ய வேண்டியவையும்

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்று வகை மன உறுதிகளைப் பெரியவர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. கதாகாலட்சேபம் கேட்கும்போதும், பேற்று வலியிலும், சுடுகாட்டில் நிற்கும்போதும் பிறக்கும் உறுதி வீடு வந்து சேர்வதற்குள் கரைந்துபோகும். ஜனவரி முதல் தேதியில் எடுக்கப்படும் தீர்மானங்களில் பெரும்பாலானவற்றை இந்த வரிசையில் நான்காவதாகச் சேர்த்துவிடலாம். "இனித் தினமும் நடப்பேன்" என்ற தீர்மானத்துக்கு முடிவு நாள் இல்லை, அளவு இல்லை, நேரம் இல்லை. ஆகவே அது எந்த நாளில் உடைந்தது என்பதுகூட எடுத்தவருக்குத் தெரிவதில்லை. "வருகிற 30 நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடப்பேன்" என்பதோ எண்ணிப் பார்க்கக் கூடியது. குறுகிய காலச் சவால் என்று இங்கே குறிப்பிடுவது அதைத்தான்.

நமக்கு இம்முறை புதிதன்று. மார்கழி முழுவதும் விடியுமுன் எழுந்து நீராடும் நோன்பு, "ஒரு மண்டலம் சாப்பிடுங்கள்" என்று சித்த மருத்துவர் 48 நாளுக்குக் கொடுக்கும் மருந்து, மாலை போட்டுக்கொண்ட ஐயப்ப பக்தரின் விரதம், ரமலான் மாத நோன்பு, கிறிஸ்தவர்களின் 40 நாள் தவக்காலம் ஆகிய எல்லாவற்றிலும் தொடக்கமும் முடிவும் முன்கூட்டியே தெரியும். எதைச் செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் ஐயம் இராது. அதே நாட்களில் அதே நோன்பில் இருக்கும் வேறு சிலர் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள். மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய சிகரெட்டுக்குத் திரும்புகிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். நாற்பது நாள் ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும் வலிமை விரதத்துக்கு உண்டு. அதன் பிறகு என்ன செய்வது என்பதை அது சொல்வதில்லை. புதிதாகச் சவால் எடுக்கும் ஒருவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே: சவால் என்பது ஒரு சோதனைக் காலம், பழக்கம் அதன் பிறகுதான் உருவாகி முடியும். ஆகவே 31ஆம் நாளைப் பற்றிய முடிவை முதல் நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

எத்தனை நாள்?

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற கணக்கு மிகப் பரவலானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதியது அதன் மூலம். முக அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்துச் சொன்னார். "குறைந்தது" என்பது வாய்வழியில் உதிர்ந்துபோக, கண்ணாடியில் முகம் பார்ப்பதைப் பற்றிய கவனிப்பு அதிகாலையில் எழுவதற்கும் ஆங்கிலம் கற்பதற்கும் பொதுவிதி ஆகிவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நம்பத் தகுந்தது. அதில் ஒவ்வொருவரும் உணவோடு பழம் உண்பது, தண்ணீர் குடிப்பது, சிறிது தூரம் ஓடுவது போன்ற ஒரு செயலைத் தேர்ந்து அன்றாடம் செய்தார்கள். யோசிக்காமலே அச்செயல் நடக்கும் நிலையை எட்டுவதற்கான காலத்தின் இடைநிலை அளவு 66 நாள் என்று தெரிந்தது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிடப்பட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவாகவும் உடற்பயிற்சி மெதுவாகவும் படிந்தன.

இதன்படி 30 நாள் என்பது பெரும்பாலோருக்குப் பாதி வழிகூட இல்லை. ஆயினும் முதன்முறை முயல்பவருக்கு நான் பரிந்துரைப்பது 30 நாளைத்தான். ஒரு மாதத்தில் வார நாட்களும் விடுமுறைகளும், சம்பள நாளும் கைவறண்ட நாளும், ஒரு கல்யாணமோ ஊர்ப் பயணமோ வந்து போய்விடும்; அச்செயல் உங்கள் வாழ்க்கையில் எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதுவும் மிகுதியாகத் தோன்றினால் 7 நாளில் தொடங்கலாம். 100 நாள் சவாலை முதல் சவாலாக எடுப்பதை மட்டும் தவிர்ப்பது நல்லது.

ஒன்றே ஒன்று

ஐந்து மணிக்கு எழுவது, நடப்பது, தியானம், கைப்பேசியைக் குறைப்பது, சர்க்கரையை நிறுத்துவது என்று எல்லாவற்றையும் ஒரே தேதியில் தொடங்குவோர் நான்காம் நாள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஐந்தில் எது சுமையானது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதைத் தேர்வது என்று குழம்பினால், செய்து முடித்த அன்றே சிறிதாவது பலன் தெரியும் ஒன்றைத் தேர்வது உதவும். எடையைக் குறைக்கும் ஆசையில் தொடங்கும் சவாலின் பலன் ஒரு வாரம் வரை தராசில் தெரியாமல் போகலாம், ஆனால் இரவு நடந்தவருக்கு அன்றைக்கே வயிறு இலேசாக இருக்கும்.

பலனைச் சவாலாக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "ஒரு மாதத்தில் 3 கிலோ குறைப்பேன்" என்பது உங்கள் கையில் முழுமையாக இல்லாத ஒன்று. நீங்கள் செய்யக் கூடியது நடப்பதும் உண்பதும் மட்டுமே. சவால் அவற்றைப் பற்றியதாக இருக்கட்டும்.

விதியை எழுதுதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பலர் இதை மனத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். மனத்தில் இருக்கும் விதி மாலைக்குள் வளைந்துவிடும்.

தேநீரிலும் காபியிலும் சர்க்கரை சேர்க்காமல் ஒரு மாதம் இருப்பது என்ற சவாலை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு நான்கு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்று வைத்தால் எட்டுத் தேக்கரண்டி ஆகிறது. கரண்டிக்கு 4 கிராம் என்றால்கூட 32 கிராம். வளர்ந்தவர் ஒருவர் உணவில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதாவது இனிப்பு, பிஸ்கட் எதையும் தொடாமலேயே தேநீரிலும் காபியிலும் அந்த அளவு தாண்டிவிடுகிறது. எனவே சவால் பொருளுள்ளது. ஆனால் "சர்க்கரையைக் குறைப்பேன்" என்று எழுதினால் அது விதியாகாது. பனங்கருப்பட்டி போட்ட காபி கணக்கில் வருமா? விருந்துக்குப் போன வீட்டில் ஏற்கெனவே சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து நீட்டினால் என்ன செய்வது? கல்யாணப் பந்தியில் வைக்கும் ஜாங்கிரி இதில் சேருமா? இக்கேள்விகள் எழும் நேரத்தில் விடை தேடினால் எப்போதும் ஜாங்கிரிக்குச் சாதகமாகவே தீர்ப்பு வரும். ஆகவே முன்பே எழுதிவிடுங்கள்: "30 நாள், தேநீர், காபி இரண்டிலும் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் இல்லை. வெளியே என்றால் முதலிலேயே சொல்லிவிடுவேன். சொல்ல முடியாத இடத்தில் தண்ணீர் மட்டும் கேட்பேன். மற்ற இனிப்புகள் இந்தச் சவாலில் அடங்கா." டீக்கடையில் "வித்தவுட்" என்ற ஒரே சொல் போதும், மாஸ்டர் காரணம் கேட்கமாட்டார். உறவினர் வீட்டில் கேட்பார்கள். அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் உங்களுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதாக ஒரு வாரத்தில் செய்தி பரவிவிடும்.

அளவை எவ்வளவு சிறியதாக வைப்பது என்பது அடுத்த கேள்வி. உற்சாகமான நாளில் உங்களால் எவ்வளவு முடியும் என்பதை வைத்து அளவைத் தீர்மானிக்காதீர்கள். பேருந்து தாமதமாகி, தலைவலியோடு இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் நாளிலும் முடியக் கூடிய அளவு எதுவோ அதை வையுங்கள். படிப்பதென்றால் 10 பக்கம், நடப்பதென்றால் 15 நிமிடம், படம் வரைவதென்றால் ஒரு சிறு கோட்டோவியம். அதிகம் செய்யத் தோன்றும் நாளில் செய்துகொள்ளலாம். ஆனால் மறுநாளின் அளவை அது உயர்த்தக் கூடாது, அதைக் காட்டி மறுநாள் விடுப்பும் எடுக்கக் கூடாது.

சவால்களில் மொத்தக் கணக்கு வைப்பவை, நாள் கணக்கு வைப்பவை என இரு வகை உண்டு. 1999இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேரோடு தொடங்கி, பின்னர் உலகெங்கும் நவம்பர் மாதந்தோறும் நடந்த நாவல் எழுதும் சவால் முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒரு மாதத்தில் 50,000 சொல், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667. ஒரு நாள் விட்டால் மறுநாள் 3,334. இரண்டு நாள் விட்டால் 5,001. கடன் இப்படி ஏறுவது சிலரை விரட்டி எழுதவைக்கும், பலரைக் கைவிடவைக்கும். ஒரு படைப்பை முடிப்பதுதான் நோக்கம் என்றால் இவ்வகை பொருந்தும். பழக்கம்தான் நோக்கம் என்றால் நாள் கணக்கே சிறந்தது. அதில் நேற்றைய பாக்கி இன்றைக்கு வராது.

உடலை வருத்தும் செயல்களுக்கு அன்றாடச் சவால் பொருந்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓடிப் பழகாதவர்களை 5 கிலோமீட்டர் ஓடவைப்பதற்காக ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் வகுத்த திட்டம் 9 வாரம் கொண்டது. வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓட வேண்டும். முதல் வாரத்தில் 60 வினாடி மெதுவோட்டம், 90 வினாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம் மட்டுமே. மூச்சுக்கும் மூட்டுகளுக்கும் ஓய்வு நாளைத் திட்டத்துக்குள்ளேயே வைத்தது அதன் சிறப்பு. நீங்கள் ஓட்டத்தையோ எடைப் பயிற்சியையோ தேர்ந்தால், "வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி" என்று விதி எழுதுங்கள்.

எதன் பின்னால் கோப்பது

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் தொடங்கி ஆராய்ந்துவந்த ஒரு செய்தி இங்கே பயன்படும். "செய்வேன்" என்று முடிவெடுப்பவர்களைவிட, "இன்ன வேளை வந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று வேளையையும் செயலையும் முடிச்சிட்டுக்கொள்பவர்கள் அதை நிறைவேற்றுவது அதிகம். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதுவே உறுதியானது. ஆகவே உங்கள் செயலைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டுவது எளிது: காலையில் பல் துலக்கியதும், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டதும், இரவு அடுப்படியைத் துடைத்துவிட்டு விளக்கணைத்ததும்.

ஆனால் ஒரே வேளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஜான் பெஷியர்ஸ், கேட்டி மில்க்மன் ஆகியோர் அடங்கிய குழு கூகுள் நிறுவன ஊழியர்கள் சுமார் 2,500 பேரிடம் ஒரு சோதனை நடத்தியது. தாங்கள் திட்டமிட்ட நேரத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் மட்டும் பணம் என்று சிலருக்கும், எந்நேரம் போனாலும் பணம் என்று சிலருக்கும் சொல்லப்பட்டது. பணம் நின்ற பிறகு தொடர்ந்து அதிகம் சென்றவர்கள் இரண்டாம் பிரிவினர். நேரம் கட்டப்பட்டவர்கள், அந்த நேரம் தவறினால் அன்றைக்கு வேறு நேரத்திலும் போகாமல் இருந்தார்கள். எனவே முதல் வேளை ஒன்றையும், அது தவறினால் மாற்று வேளை ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: "காலையில் பால் வாங்கி வந்ததும் 10 பக்கம், முடியாவிட்டால் இரவு படுக்குமுன்."

தொடங்கும் நாளும் குறிக்கும் தாளும்

வாரத்தின் தொடக்கம், மாதத்தின் முதல் தேதி, பிறந்தநாளுக்கு அடுத்த நாட்கள் போன்றவற்றில் மனிதர்கள் புதிய முயற்சிகளில் இறங்குவது அதிகம் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: தை முதல் நாளோ அடுத்த திங்கட்கிழமையோ. ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். வீட்டில் கல்யாணமோ, தேர்வோ, நெடும் பயணமோ இருக்கும் மாதத்தை முதல் சவாலுக்குத் தேர வேண்டாம்.

நாட்களைக் குறிப்பதற்குச் செயலிகள் பல உண்டு. எனக்கு அவற்றில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கைப்பேசியைத் திறந்தவர் குறிக்க வந்ததை மறந்து அரைமணி நேரம் அதிலேயே இருந்துவிடுவார். மாதம் முழுவதும் ஒரே தாளில் இருக்கும் சுவர்க் காலண்டர் போதும். தினசரி கிழிக்கும் காலண்டர் உதவாது. செய்ததற்கான சான்று மறுநாள் காலையில் குப்பைக்குப் போய்விடும். செய்த நாளுக்கு ஒரு கோடு, செய்யாத நாளுக்கு ஒரு சுழி. சுழி போட்ட நாளில் பக்கத்திலேயே காரணத்தை இரண்டு மூன்று சொல்லில் எழுதுங்கள். "மழை", "மாமா வீடு", "பத்து மணிக்குத்தான் வந்தேன்" என்பவை போதும். மாத முடிவில் கோடுகளைவிட இச்சொற்களே அதிகம் கற்றுத்தரும்.

யாரிடம் சொல்வது? ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் தினமும் உங்களைப் பார்ப்பவராகவோ, தானும் அதே சவாலை எடுப்பவராகவோ இருந்தால் நல்லது. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தால் அன்றே ஐம்பது பாராட்டுகள் வந்துவிடும். ஒன்பதாம் நாள் ஒருவரும் கேட்கமாட்டார்.

நடுவில் வரும் தொய்வு

முதல் ஐந்தாறு நாள் புதுமையே இழுத்துச் செல்லும். கடைசி ஐந்தாறு நாள் முடிவு கண்ணில் தெரிவதால் கால் தானே விரையும். அமெரிக்காவில் பத்துக் காபி வாங்கினால் ஒன்று இலவசம் என்று முத்திரை குத்தும் அட்டையை வைத்து ரான் கிவெட்ஸும் மற்றவர்களும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், அட்டை நிறைய நிறைய மக்கள் கடைக்கு வரும் இடைவெளி குறைந்தது. சிக்கல் இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 10ஆம் நாள் முதல் 20ஆம் நாள் வரை உள்ள பகுதியில் இருக்கிறது. அங்கே தொடக்கமும் தொலைவில், முடிவும் தொலைவில். இதற்கு எளிய வழி, 30 நாளைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு பத்தையும் தனிச் சவாலாக எண்ணுவது. நடுப் பத்தில் சிறு மாற்றம் செய்துகொள்ளலாம்: நடைக்கு வேறு தெரு, வாசிப்புக்கு வேறு நூல். அளவை மட்டும் மாற்ற வேண்டாம்.

தவறிய நாள்

ஏதாவது ஒரு நாள் தவறும். லாலியின் ஆய்விலேயே, ஒரு நாள் விட்டது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. பாதிப்பது, விட்ட பிறகு நாம் செய்வது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் 1975இல் நடத்தப்பட்ட ஒரு பரிசோதனையில், முதலில் மில்க் ஷேக் குடிக்கவைக்கப்பட்டவர்கள், குடிக்காதவர்களைவிடப் பின்னர் ஐஸ்கிரீமை அதிகம் உண்டார்கள். கட்டுப்பாடு எப்படியும் போய்விட்டது, இனி எவ்வளவு போனால் என்ன என்ற நினைப்பு அது. சாண் போனதென்று முழத்தையும் விட்டுவிடும் இந்த மனப்போக்குக்கு முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும்: அடுத்தடுத்து இரண்டு நாள் விடுவதில்லை. முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்க வேண்டாம். 17ஆம் நாள் தவறினால் மறுநாள் 18ஆம் நாள்தான். முப்பதில் 25 கோடு இருந்தால் சவால் வென்றதாக முன்பே எழுதிக்கொள்வதும் தவறன்று. நோயில் படுத்த நாட்களை எண்ணிக்கையிலிருந்தே எடுத்துவிடலாம்.

மூன்று சுழி அடுத்தடுத்து விழுந்தால், உங்கள் மன உறுதியை ஆராய்வதை விட்டுவிட்டு விதியை ஆராயுங்கள். அளவு பெரிது, அல்லது வேளை தவறானது. பாதியிலேயே அளவைக் குறைத்துத் தொடரலாம். அது தோல்வி ஆகாது.

சில சவால்களை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உண்ணாநோன்பு வகைச் சவால்களில் இறங்கினால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக் கூடும். பிரிட்டனில் 2013 முதல் நடந்துவரும் மது அருந்தாத ஜனவரி இயக்கத்தைப் பார்த்து நம்மிடமும் சிலர் ஒரு மாதம் குடியை நிறுத்துகிறார்கள், நல்லதே. ஆனால் பல ஆண்டுகளாக அன்றாடம் அதிகம் குடித்துவந்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

31ஆம் நாள்

காபி அட்டை ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: இலவசக் காபி கிடைத்தபின் புதிய அட்டையைத் தொடங்கியவர்கள் மறுபடி மெதுவாகிவிட்டார்கள். பரிசு கைக்கு வந்ததும் வேகம் தளர்வது இயல்பு. 30ஆம் நாள் இரவு பெருமிதத்தோடு ஓய்வெடுக்க நினைப்பவர் பெரும்பாலும் 40ஆம் நாளிலும் ஓய்விலேயே இருப்பார். ஆகவே தொடங்கும் நாளில் எழுதிய தாளிலேயே கடைசி வரியாக, 31ஆம் நாள் செய்யவிருப்பதையும் எழுதியிருக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகளே உள்ளன.

செயல் உங்களுக்குப் பொருந்திவிட்டது என்றால், அளவை உயர்த்தாமல் இன்னொரு 30 நாள் தொடர்வது முதல் வழி. அப்போது 60ஆம் நாளைத் தொட்டுவிடுவீர்கள்; பலருக்கு அதற்குள் நினைவூட்டல் தேவைப்படாது. நான் இதையே வலியுறுத்துவேன். அளவை உயர்த்தும் ஆசை இப்போது பலமாக இருக்கும், ஏனெனில் 15 நிமிடம் சிறிதாகத் தோன்றத் தொடங்கியிருக்கும். அப்படித் தோன்றுவதே பழக்கம் படிகிறது என்பதற்கு அடையாளம் என்பதால் அதைக் கலைக்காதீர்கள்.

செயல் பயனுள்ளது, ஆனால் தினமும் தேவையில்லை என்று தெரிந்தால், வாரத்துக்கு இத்தனை நாள் என்று கிழமைகளைப் பெயர் சொல்லிக் குறைப்பது இரண்டாம் வழி. "முடிந்தபோது" என்று மட்டும் எழுத வேண்டாம்.

மூன்றாவது, விட்டுவிடுவது. ஒரு மாதம் தினமும் படம் வரைந்த பிறகு எனக்கு இதில் விருப்பமில்லை என்று அறிவதும் ஒரு விடைதான். வருடக்கணக்கில் "ஒரு நாள் வரையக் கற்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது மலிவானது. விடும்போது காரணத்தைத் தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். இல்லையென்றால் அடுத்த ஜனவரியில் அதே ஆசை அப்படியே திரும்பி வரும்.

இரண்டாவது சவாலுக்கு முன் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள். முதல் சவாலின் செயல் காலண்டரில் கோடு போடாமலும் அந்தப் பத்து நாளும் நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் புதியதைத் தொடங்கலாம், நடக்கவில்லை என்றால் அதே காலண்டரின் அடுத்த தாளில் பழையதையே மறுபடி குறிக்கத் தொடங்குங்கள்.